வைரஸ் கண்நோயும் உடலின் காவலும்



கண்நோய் என்று சொன்னவுடன் நம் நினைவுக்கு வருவது என்ன? கண் சிவந்து போகும், பீளை கட்டும், மணல் விழுந்ததுபோல் உறுத்தும். ஒரு வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரங்களில் போய்விடும்.

ஆனால் சிவக்காத, வலிக்காத, பீளை கட்டாத கண்நோய் ஒன்றும் உண்டு. அது கண்ணின் பின்புறத்தில், நாம் கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாத இடத்தில் தொடங்குகிறது. கவனிக்காமல் விட்டால் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ பார்வையை நிரந்தரமாகப் பறித்துவிடுகிறது. நல்ல உடல்நலம் உள்ளவரை அது பெரும்பாலும் தொடுவதில்லை. நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் தளர்ந்துபோனவர்களையே அது தேடி வருகிறது. இந்த நோயை மருத்துவ உலகம் எப்படிக் கண்டுகொண்டது, அதற்கு என்னென்ன மருந்துகள் வந்தன, அந்த மருந்துகள் ஏன் முதலில் போதவில்லை, கடைசியில் எது கைகொடுத்தது என்பதையே இன்று வரலாற்று முறையில் காண்போம்.

முதலில் நோய் எதிர்ப்புச் சக்தி என்றால் என்ன என்று பார்ப்போம். தோட்டத்தில் இரவு நேரத்தில் ஜாகா இருப்பார். அவர் கையில் விளக்கோடு சுற்றி வருகிறார் என்று தெரிந்தாலே திருடன் வேலிக்கு வெளியே நின்றுவிடுவான். நம் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் இப்படிப்பட்ட ஜாகாக்கள். அவற்றுள் சி.டி.4 என்று பெயரிடப்பட்ட ஒரு வகை அணுக்கள் மற்ற காவலர்களுக்கு உத்தரவிடும் தலைமைக் காவலர் போன்றவை. நல்ல உடல்நலம் உள்ளவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை ஏறக்குறைய 500 முதல் 1500 வரை இருக்கும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி வைரஸைப் பற்றி ஒரு சொல். பாக்டீரியா என்னும் கிருமி நம் உடலில் தனியாக வாழக்கூடியது. ஆகவே பென்சிலின் போன்ற மருந்துகள் அதைத் தனியாகத் தாக்க முடிந்தது. வைரஸ் அப்படியல்ல. அது நம் உடலின் அணுவுக்குள்ளேயே புகுந்து, அந்த அணுவின் கருவிகளைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. வீட்டுக்குள் புகுந்து வீட்டுக்காரரின் சட்டையையே மாட்டிக்கொண்ட திருடனைப் போன்றது அது. திருடனை அடித்தால் வீட்டுக்காரருக்கும் அடிபடும். ஆகவே வைரஸுக்கு மருந்து காண்பது ஆகாத காரியம் என்றே 1950களில் அறிஞர் பலர் எண்ணியிருந்தார்கள்.

அந்த எண்ணத்தை முதலில் மாற்றிய இடம் கண்தான். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் புரூசாஃப் என்ற அறிஞர் 1959இல் ஐடாக்ஸுரிடீன் என்ற ஒரு மருந்தை உருவாக்கினார். புற்றுநோய்க்கென்று செய்யப்பட்ட மருந்து அது. உடலுக்குள் செலுத்த முடியாத அளவுக்கு நச்சுத்தன்மை அதில் இருந்தது. ஆனால் ஹெர்பர்ட் காஃப்மன் என்ற கண் மருத்துவர் அதைச் சொட்டு மருந்தாக்கிக் கண்ணின் மேற்பரப்பில் விட்டுப் பார்த்தார். ஹெர்பிஸ் என்னும் வைரஸ் கருவிழியில் உண்டாக்கும் புண் அதனால் ஆறியது. அவர் இதை உலகுக்கு அறிவித்த ஆண்டு 1962. மறு ஆண்டே அந்த மருந்துக்கு அமெரிக்க அரசாங்கம் அனுமதி வழங்கியது. வைரஸ் நோய்க்கு மருந்து உண்டு என்பதற்குக் கண்தான் முதல் சாட்சி.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை ஹெர்பிஸ் புண் உள்ள கண்ணில் விட்டால் சிவப்பு குறைவதுபோல் தோன்றும். ஆனால் வைரஸ் உள்ளே ஆழமாகப் பரவும். ஸ்டீராய்டு செய்வது என்னவென்றால், அந்த இடத்திலுள்ள காவலர்களைத் தூங்க வைப்பதுதான். ஆகவே பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த சொட்டு மருந்தையோ, கடையில் நாமாகவே கேட்டு வாங்கும் சொட்டு மருந்தையோ கண்ணில் விடக் கூடாது.

ஐடாக்ஸுரிடீனை வெளியே சொட்டாக மட்டுமே விட முடிந்தது. கண்ணின் உட்புறத்துக்கும் உடல் முழுவதற்கும் பயன்படும் மருந்து வேண்டியிருந்தது. அதைத் தந்த ஆய்வுக் குழுவில் முன்நின்றவர் ஜெர்ட்ரூட் எலியன் அம்மையார். முனைவர் பட்டம் பெற வாய்ப்பில்லாமலே ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, 1988இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அவருடைய குழு 1970களில் அசைக்ளோவிர் என்ற மருந்தைக் கண்டது. இந்த மருந்தின் தந்திரம் வியப்பானது. வீடு கட்டும் கொத்தனாரிடம் உப்பி வெடிக்கும் பொய்ச் செங்கல் ஒன்றைக் கொடுத்தால் சுவர் என்ன ஆகும்? அதுபோல, வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது இந்தப் பொய்ச் செங்கலை எடுத்து வைக்கிறது. கட்டட வேலை அப்படியே நின்றுவிடுகிறது. அதுமட்டுமல்ல. வைரஸ் புகுந்த அணுவில்தான் இந்த மருந்து விழித்துக்கொள்கிறது. நல்ல அணுவைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது.

நம்மவர்கள் அக்கி என்று சொல்லும் நோயும் இந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது. அக்கி என்பது சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்புக்குள் தூங்கியிருந்து, உடல் தளர்ந்த காலத்தில் மீண்டும் எழுவதுதான். நெற்றியிலும் மூக்கிலும் அக்கி வந்தால் கண்ணுக்கும் ஆபத்து. மூக்கு நுனியில் கொப்புளம் தோன்றினால் கண்ணும் பாதிக்கப்படக்கூடும் என்பதை ஆங்கிலேய மருத்துவர் ஜொனதன் ஹட்சின்சன் 1865ஆம் ஆண்டிலேயே எடுத்துச் சொல்லியிருக்கிறார். குயவரிடம் சென்று காவி மண்ணால் அக்கி எழுதிக்கொள்வது நம் முன்னோர் வழக்கம். அது மனத்துக்கு ஆறுதல் தரலாம். கண்ணைக் காக்காது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சென்று மருந்தைத் தொடங்குவதே கண்ணைக் காக்கும் வழி.

நேயர்களே, எலியன் அம்மையாரின் வாழ்க்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. நம் கதைக்கு அது மிகவும் முக்கியம். அவரும் அவருடைய தலைவர் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் நடத்திய அதே ஆய்வுக்கூடத்திலிருந்து 1950களில் அசதயோப்ரின் என்ற மருந்தும் வந்தது. இது நோய் எதிர்ப்புச் சக்தியை வேண்டுமென்றே குறைக்கும் மருந்து. ஏன் குறைக்க வேண்டும்? ஒருவருக்கு மற்றொருவருடைய சிறுநீரகத்தைப் பொருத்தினால், நம் காவலர்கள் அதை அந்நியன் என்று எண்ணித் தாக்குவார்கள். அவர்களை அடக்கி வைத்தால்தான் புதிய சிறுநீரகம் பிழைக்கும். 1962 முதல் இந்த மருந்தின் துணையால் சிறுநீரக மாற்று அறுவை மருத்துவம் உலகெங்கும் வளர்ந்தது. சிங்கப்பூரில் 1970இலும், கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் 1975இலும் முதல் சிறுநீரக மாற்று நடந்தது.

எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. ஆனால் காவலைக் குறைத்தால் வேலிக்கு வெளியே நிற்பவன் சும்மா இருப்பானா? இங்கேதான் நம் கதையின் முக்கிய வைரஸ் உள்ளே வருகிறது.

அதன் பெயர் சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி. இது புகுந்த அணு வழக்கத்தைவிடப் பெரிதாக உப்பி, நடுவில் ஆந்தைக் கண்போல் ஒரு புள்ளியோடு தோன்றும். 1950களின் நடுவில் மார்கரெட் ஸ்மித் அம்மையார், தாமஸ் வெல்லர், வாலஸ் ரோ ஆகிய மூவரும் தனித்தனியே இந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். பெரிய அணு என்று பொருள்படும் இந்தப் பெயரை 1960இல் சூட்டியவர் வெல்லர். இது அரிய வைரஸ் அல்ல. ஆசிய நாடுகளில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் உடலில் இது இருக்கிறது. சிறுவயதில் எச்சில் வழியாகவும் பிற வழிகளிலும் வந்து சேர்ந்து, ஒரு தொந்தரவும் செய்யாமல் ஆயுள் முழுவதும் தூங்கும். ஜாகா விழித்திருக்கும்வரை அது எழுவதில்லை.

எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தால் எழுந்து, நுரையீரலையும் குடலையும் தாக்கும். கண்ணின் விழித்திரையையும் தாக்கும். விழித்திரை என்பது கேமராவின் பிலிம் போன்றது. நாம் காணும் உருவங்கள் அதன்மேல்தான் விழுகின்றன. அதில் வலி உணரும் நரம்பு இல்லை. ஆகவே வைரஸ் அதை அரித்துக்கொண்டே போனாலும் நமக்கு வலிப்பதில்லை. ரப்பர் மரத்துக்கு வரும் வெள்ளை வேர் நோயை அறிந்தவர்களுக்கு இது புரியும். மண்ணுக்கு மேலே மரம் பச்சையாகத்தான் நிற்கும். இலை பழுக்கும்போது மண்ணைத் தோண்டிப் பார்த்தால் வேர் அழுகிப் போயிருக்கும். ஆகவேதான் இலை பழுக்கும் வரை காத்திராமல் மரத்தின் அடியை முன்கூட்டியே தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. விழித்திரை நோயும் அப்படித்தான். கண்மணியைச் சொட்டு மருந்தால் விரியச் செய்து, விளக்குக் கருவியால் உள்ளே பார்த்தால், தயிரில் குங்குமம் சிந்தியதுபோல் வெள்ளையும் சிவப்புமாகப் புண் தெரியும்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களிடம் இந்த நோய் 1960களிலும் 1970களிலும் அங்கொருவர் இங்கொருவராகக் காணப்பட்டது. அப்போது இதற்கென்று மருந்து கிடையாது. ஆனால் மருத்துவர்களுக்கு ஒரு வழி இருந்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தின் அளவைக் குறைத்தால், காவலர்கள் விழித்தெழுவார்கள். கண்நோயும் சில வேளை அடங்கும். இந்தச் சிறிய செய்தியில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருந்தது. அதன் முழுப்பொருளையும் உலகம் காண இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் சென்றன.

1981 ஜூன் 5ஆம் நாள் அமெரிக்கச் சுகாதாரத் துறையின் வார ஏடு ஒன்றில் ஒரு சிறிய அறிக்கை வெளிவந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இளைஞர் ஐவருக்கு விநோதமான நுரையீரல் நோய், ஐவரிடமும் சி.எம்.வி. இருந்ததற்கான அடையாளம். உலகம் பின்னர் எய்ட்ஸ் என்று அறிந்த நோயைப் பற்றிய முதல் அறிக்கை அதுதான். எச்.ஐ.வி. என்னும் வைரஸ் நாம் முன்பு சொன்ன சி.டி.4 தலைமைக் காவலர்களையே கொன்றுவிடுகிறது. அவர்கள் எண்ணிக்கை 50க்கும் கீழே இறங்கும்போது விழித்திரை நோய் தலைகாட்டுகிறது. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் மேல்நாடுகளில் எய்ட்ஸ் முற்றியவர்களில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேருக்கு இந்தக் கண்நோய் வந்தது. சாவை எதிர்நோக்கியிருந்த இளைஞர்கள் சாகும் முன்பே குருடானார்கள்.

இங்கே சிறுநீரக நோயாளிக்குச் செய்ததுபோல் மருந்தைக் குறைத்துக் காவலை மீட்க வழியில்லை. காவலைக் குறைத்தது மருந்தல்ல, நோயல்லவா? அசைக்ளோவிரும் சி.எம்.வி.யிடம் சரிவரப் பலிக்கவில்லை. ஹெர்பிஸிடம் அந்த மருந்தை விழிக்கச் செய்யும் திறவுகோல், சி.எம்.வி.யிடம் இல்லை. ஆகவே அசைக்ளோவிரின் வடிவத்தைச் சிறிது மாற்றி, கான்சைக்ளோவிர் என்ற மருந்தை அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கின. இதற்கான திறவுகோல் சி.எம்.வி.யிடம் இருந்தது. 1984 முதல் கருணை அடிப்படையில், அதாவது முறையான அனுமதி கிடைக்கும் முன்பே, பார்வை போகும் நிலையில் இருந்தவர்களுக்கு இது வழங்கப்பட்டது. புண் ஆறியது. மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள்.

ஆனால் மருந்தை நிறுத்திய சில வாரங்களிலேயே நோய் திரும்பியது. கான்சைக்ளோவிர் வைரஸைக் கொல்வதில்லை, கட்டிப் போடுகிறது. கயிற்றை அவிழ்த்தால் அது மீண்டும் எழுந்து நடக்கும். ஆகவே நோயாளிகள் முதல் இரண்டு மூன்று வாரம் நாளுக்கு இருமுறையும், பிறகு ஆயுள் முழுவதும் நாள்தோறும் இரத்த நாளம் வழியாக இந்த மருந்தைப் பெற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். அதற்காக நெஞ்சருகே பெரிய நாளத்தில் ஒரு குழாயை நிரந்தரமாகப் பொருத்தினார்கள். அந்தக் குழாய் வழியாகவே வேறு கிருமிகள் புகுந்த சம்பவங்களும் உண்டு.

அனுமதி கிடைப்பதிலும் சிக்கல். மருந்து கொடுத்தவரையும் கொடுக்காதவரையும் ஒப்பிட்டுப் பார்த்த முறையான சோதனை இல்லை என்று 1987இல் அமெரிக்க ஆலோசனைக் குழு தயங்கியது. கண் போய்க்கொண்டிருக்கும் ஒருவருக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தை மறுக்க எந்த மருத்துவருக்குத்தான் மனம் வரும்? நோயாளிகளும் அவர்களுக்காகக் குரல் கொடுத்தோரும் போராடினார்கள். 1989 ஜூன் மாதம் அனுமதி கிடைத்தது.

இன்னொரு சங்கடம் இதைவிடக் கொடியது. 1987இல் எச்.ஐ.வி.க்கு எதிரான முதல் மருந்தாக ஏ.இஸட்.டி. வந்தது. அதுவும் எலும்பு மஜ்ஜையைத் தளர்த்தி இரத்த அணுக்களைக் குறைக்கும், கான்சைக்ளோவிரும் குறைக்கும். இரண்டையும் சேர்த்துத் தாங்குவது பலரால் இயலவில்லை. கண்ணைக் காப்பதா, உயிரை நீட்டிப்பதா என்று நோயாளி தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தது.

1991இல் ஃபாஸ்கார்னெட் என்ற மற்றொரு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அது இரத்த அணுவை விட்டது. ஆனால் சிறுநீரகத்தை வருத்தியது. இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்டு 234 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 1992இல் வெளிவந்தது. கண்ணைக் காப்பதில் இரண்டும் சமம். ஆனால் கான்சைக்ளோவிர் பெற்றவர்கள் ஏறக்குறைய எட்டரை மாதமும், ஃபாஸ்கார்னெட் பெற்றவர்கள் ஏறக்குறைய பன்னிரண்டரை மாதமும் உயிர் வாழ்ந்தார்கள். நான்கு மாத ஆயுளுக்காக மருத்துவ உலகம் எப்படித் தவித்தது என்பதை இந்த எண்களே சொல்லும்.

1996இல் வேறொரு முயற்சி. கான்சைக்ளோவிர் அடங்கிய ஒரு சிறு வில்லையை அறுவை செய்து கண்ணுக்குள்ளேயே வைத்துத் தைத்தார்கள். அது பல மாதங்களுக்கு மருந்தைச் சிறுகச் சிறுகக் கசியவிடும். இரத்த நாளத்தில் மருந்து பெற்றவர்களுக்குச் சுமார் 71 நாட்களில் மீண்டும் பரவத் தொடங்கிய நோய், இந்த வில்லை வைத்தவர்களுக்குச் சுமார் 221 நாட்கள் அடங்கிக் கிடந்தது. பெரிய முன்னேற்றந்தான். ஆயினும் வில்லை வைத்த கண்ணுக்குத்தான் அந்தக் காவல். மற்றொரு கண்ணுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் நோய் பரவுவதை அது தடுக்கவில்லை. வாரம் ஒருமுறை செலுத்தினால் போதும் என்ற சிடோஃபோவிர் மருந்தும் அதே ஆண்டு வந்தது. அதுவும் சிறுநீரகத்தை வருத்தியது.

நேயர்களே, இவ்வளவு மருந்துகள் வந்தும் நோய் ஏன் முழுமையாக அடங்கவில்லை? திருடனைக் கட்டிப் போட்டோம். ஆனால் காவலுக்கு ஆளில்லை. அதுதான் காரணம்.

காவல் திரும்பிய ஆண்டு 1996. எச்.ஐ.வி.க்கு எதிராக மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை அந்த ஆண்டில் பரவியது. சி.டி.4 அணுக்கள் மெல்ல மெல்ல ஏறின. விழித்திரை நோய் புதிதாக வருவது நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்தது. அதைவிட வியப்பு, ஆயுள் முழுவதும் கான்சைக்ளோவிர் வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களில் பலர், சி.டி.4 எண்ணிக்கை 100க்கு மேல் ஏறிச் சில மாதங்கள் நிலைத்த பிறகு, அந்த மருந்தையே நிறுத்தினார்கள். நோய் திரும்பவில்லை! உடலின் காவலே வைரஸை மீண்டும் தூங்க வைத்தது. சிறுநீரக நோயாளிகளிடம் முன்பே கண்ட உண்மை, இப்போது பெரிய அளவில் மெய்ப்பட்டது.

இதிலும் ஒரு தொல்லை இருந்தது. திரும்பி வந்த காவலர்கள் சிலருடைய கண்ணில் பழைய புண் இருந்த இடத்தில் கலகம் செய்து, வீக்கத்தை உண்டாக்கினார்கள். ஆகவே எதிர்ப்புச் சக்தி ஏறும் காலத்திலும் கண்ணைப் பரிசோதிப்பது அவசியம் என்று மருத்துவர்கள் அறிந்தார்கள். 1998இல் கண்ணுக்குள் ஊசி வழியே செலுத்தும் ஃபோமிவிர்சென் என்ற புதுவகை மருந்து அனுமதி பெற்றது. அறிவியலில் அது ஒரு சாதனை. ஆனால் அது வந்தபோது மேல்நாடுகளில் நோயாளிகள் குறைந்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்டது. 2001இல் வால்கான்சைக்ளோவிர் என்ற மாத்திரை வந்து, நெஞ்சுக் குழாயின் தேவையைப் பெருமளவு நீக்கியது.

மேல்நாட்டில் கதை இப்படி நல்லபடியாகத் திரும்பியது. நம் ஆசியப் பக்கம் என்ன நடந்தது?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், ஆண்டு 1986. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த இரத்தப் பரிசோதனையில் அது வெளிப்பட்டது. மலேசியாவிலும் அதே 1986இல் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். ஆனால் மூன்று மருந்து முறை 1996இல் மேல்நாட்டில் வந்தபோது, அதன் விலை நம் பக்கத்து ஏழை மக்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் முதல் நிலை மருந்துகள் முழுக்க இலவசமானது 2006இல்தான்.

கண் மாத்திரையின் விலைக்கும் ஒரு போராட்டம் உண்டு. அது நடந்த இடமும் சென்னையே. வால்கான்சைக்ளோவிர் மாத்திரைக்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2007இல் தனியுரிமை வழங்கியது. தனியுரிமை இருந்தால் வேறு யாரும் மலிவாகச் செய்து விற்க முடியாது. தமிழ்நாட்டு நோயாளிகளின் அமைப்பு உட்பட, எச்.ஐ.வி.யோடு வாழ்வோரின் சங்கங்கள் இதை எதிர்த்தன. வழக்கு நீதிமன்றப் படியேறியது. 2010இல் அதே அலுவலகம் அந்தத் தனியுரிமையை மறுத்துவிட்டது. வழக்காடியவர்கள் பெரிய செல்வர்கள் அல்லர்; தம் கண்ணுக்கும் உயிருக்கும் அஞ்சிய எளிய மக்கள். பின்னர் 2013இல் ரோஷ் நிறுவனம் 138 நாடுகளுக்கு இந்த மருந்தின் விலையைப் பெருமளவு குறைக்க ஒப்பந்தம் செய்துகொண்டது.

மருந்து இருந்தாலும், கண்ணுக்குள் யாராவது பார்த்தால்தானே நோய் தெரியும்? 2007இல் ஒரு மருத்துவ ஏட்டில் அறிஞர்கள் சிலர் இந்த விழித்திரை நோயை, எய்ட்ஸ் கொள்ளைநோயில் கவனிப்பாரற்றுப் போன நோய் என்று எடுத்துரைத்தார்கள். கண் மருத்துவர் குறைவான நாடுகளில், எய்ட்ஸ் மருத்துவமனையின் பொது மருத்துவர்களுக்கே கண்ணுக்குள் பார்க்கும் பயிற்சியைக் கொடுத்தால் என்ன என்று கேட்டார்கள். மியன்மாரில் யாங்கோன் வட்டாரத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அப்படியே செய்தது. புதிதாக வந்த 891 நோயாளிகளைப் பரிசோதித்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களுக்கு வாரம் ஒருமுறை கண்ணுக்குள் கான்சைக்ளோவிர் ஊசி போட்டார்கள். சிறிதளவு மருந்தே போதும் என்பதால் செலவும் குறைவு. பார்வைக்கு உடனடி ஆபத்து இருந்தவர்களுக்கு மாத்திரையும் தந்தார்கள். கூடவே எச்.ஐ.வி. மருந்து தந்து காவலை மீட்டார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. தலையில் மாட்டிய ஒரு விளக்கு, கையில் ஒரு வில்லை, பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர், அவ்வளவுதான்.

இந்த வரலாற்றிலிருந்து நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டியவை சில.

முதலாவது, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் யார் என்பதை அறிந்திருங்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர், புற்றுநோய்க்கு மருந்தேற்றுபவர், நீண்ட காலம் மிகுதியான ஸ்டீராய்டு உட்கொள்பவர், எச்.ஐ.வி. உள்ளவர் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். மாற்று உறுப்பு பெற்றவர்கள் பலருக்கு இப்போதெல்லாம் சி.எம்.வி. எழாமலிருக்க முன்கூட்டியே மாத்திரை தருகிறார்கள். அதைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இவர்களுக்குக் கண்முன் கரும்புள்ளியோ பூச்சியோ பறப்பதுபோல் தோன்றினாலும், மின்னல் வெட்டினாலும், ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் மறைத்தாலும், எழுத்து மங்கினாலும் நாள் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் பார்த்துச் சோதிப்பது நல்ல பழக்கம். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடும். சி.டி.4 எண்ணிக்கை மிகக் குறைவு என்று சொல்லப்பட்டவர்கள், ஒரு தொல்லையும் இல்லாவிட்டாலும், கண்ணை விரித்துப் பார்க்கும் பரிசோதனை தேவையா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, கண்ணுக்கு வந்துவிட்டதே என்று பயந்து மாற்று உறுப்புக்கான மருந்தை நாமாகவே குறைக்கக் கூடாது. அது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.

நான்காவது, வெட்கம். எச்.ஐ.வி. என்ற சொல்லுக்கே அஞ்சி, பரிசோதனைக்குப் போகாமல், அண்டை அயலார் அறிவார்களே என்று மறைத்து வைப்பவர்கள் உண்டு. இரத்தப் பரிசோதனையை முன்பே செய்து மருந்தைத் தொடங்கினால், காவல் இந்த அளவுக்குக் குறைவதே இல்லை, கண்நோயும் வருவதில்லை. வீட்டில் ஒருவருக்கு நோய் இருந்தால் அவரை ஒதுக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர்தான் அவருடைய கண்ணைக் காப்பவர்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது நம் பழமொழி. இந்த நோயைப் பொறுத்தவரை அது அப்படியே உண்மை. வைரஸ் அரித்துவிட்ட விழித்திரையை எந்த மருந்தும் மீண்டும் தருவதில்லை. மிஞ்சியிருப்பதைத்தான் காக்க முடியும். மருந்து திருடனைக் கட்டுகிறது. உடலின் காவல் அவனைத் தூங்க வைக்கிறது. ஆனால் திருடன் உள்ளே வந்திருக்கிறான் என்பதை வேளையோடு பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவரிடம் காலத்தோடு போய்ச் சேருவது நம் கையில் இருக்கிறது.